பத்து லட்சம் எண்களும் ஒரு கிராப் தாளும்

வணிகப் பெருமக்களுக்கு இரும்புப் பெட்டி புதிதல்ல. நம் கடைகளில் பெரும்பாலும் சாவி போட்டுத் திறக்கும் பெட்டிதான். எனினும் அடகுக் கடைகளிலும் பெரிய மொத்த வியாபாரக் கடைகளிலும் எண் டயல் வைத்த பெட்டகங்களைக் காணலாம். "சாவியே இல்லை, ஆகவே கள்ளச்சாவிக்கும் வழியில்லை" என்று சொல்லித்தான் அவற்றை விற்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் சாவியில்லாமல் திறக்க வழியே இல்லை என்று யாரேனும் எண்ணினால், அது உண்மையல்ல.

டயலில் 0 முதல் 99 வரை நூறு கோடுகள். மூன்று எண்கள் வரிசையாக வைக்க வேண்டும் என்றால், கணக்குப்படி 10 லட்சம் சேர்க்கைகள். ஒன்றுக்கு அரை நிமிடம் என்று கொண்டாலும், உண்ணாமல் உறங்காமல் 347 நாட்கள் ஆகும். அப்படி உட்கார்ந்து திறப்பவர் யாருமில்லை. அமெரிக்காவில் பூட்டுத் தொழிலாளர்கள் பல்லாண்டுகளாகப் பயின்றுவரும் முறை வேறு. அதற்குத் துளைப்பான் வேண்டாம், சுத்தியல் வேண்டாம். பென்சிலும் கிராப் தாளும் போதும்.

பூட்டின் உள்ளே மூன்று சக்கரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. சரியான எண்களை வைத்தால் மூன்று வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வரும், மேலே உள்ள தடுப்புக் கம்பி அதற்குள் இறங்கும், தாழ்ப்பாள் விலகும். அந்தக் கம்பி ஒரு நெம்புகோலோடு இணைந்தது. நெம்புகோலின் மூக்கு, டயலோடு சேர்ந்து சுழலும் இன்னொரு சக்கரத்தின் பள்ளத்தில் உரசிச் செல்லும். டயலை மெல்லத் திருப்பினால், பள்ளத்தின் இடது சுவரிலும் வலது சுவரிலும் மூக்கு தொடுவது விரலுக்குத் தெரியும். இவைதான் தொடுபுள்ளிகள்.

உயரம் சற்றே மாறுபடும் மூன்று அரிசி மூட்டைகளின் மேல் ஒரு பலகையைப் போடுங்கள். பலகை மிக உயரமான மூட்டையின் மேல்தான் நிற்கும். பூட்டிலும் இதே கதை. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் மூன்று சக்கரங்களும் முற்றிலும் சமமாக இருப்பதில்லை. மற்றவற்றைவிட மயிரிழை பெரிதான சக்கரத்தின் வெட்டு கம்பிக்குக் கீழே வரும்போது, கம்பி அடுத்த சக்கரத்தின் மேல் இறங்கி நிற்கும். மூக்கும் பள்ளத்தில் சிறிது ஆழமாகப் போகும். பள்ளம் கீழே போகப் போகக் குறுகலானது. ஆகவே இரு தொடுபுள்ளிகளும் சற்றே நெருங்கி வரும். பூட்டு தன் இரகசியத்தைக் காட்டிக் கொடுப்பது இந்தச் சிறு நெருக்கத்தில்தான்.

பயில்பவர் மூன்று சக்கரங்களையும் சேர்த்து 0-இல் நிறுத்தி இரு தொடுபுள்ளிகளையும் குறித்துக் கொள்கிறார். பிறகு 2½, அடுத்து 5 என்று டயலைச் சுற்றி வந்தால் 40 அளவீடுகள். ஒரு கோட்டின் எட்டில் ஒரு பங்கு வரை கண்ணால் மதிப்பிட வேண்டும். மிளகாய் விலையின் ஏற்ற இறக்கத்தை வரைவது போல இவற்றைத் தாளில் வரைந்தால், இடது கோடும் வலது கோடும் ஏறக்குறைய இணையாகவே ஓடும். ஓரிடத்தில் மட்டும் இடைவெளி குறுகும். அங்கே ஒரு வெட்டு இருக்கிறது. அது எந்தச் சக்கரத்தினுடையது என்று தனியே சோதித்து, அதை நிலையாக வைத்துக்கொண்டு அடுத்த இரண்டையும் தேட வேண்டும். சினிமாவில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி இரண்டு நிமிடத்தில் கதவைத் திறப்பார்களே, அது இங்கே செல்லாது. இது பல மணி நேர வேலை. பின்மூடியைக் கழற்றிய பூட்டு ஒன்றை மரக்கட்டையில் பொருத்தி, சக்கரங்களைக் கண்ணால் பார்த்தபடியே மாதக்கணக்கில் பழகுகிறார்கள்.

இந்த வித்தையால் வணிகருக்கு நன்மையும் உண்டு. முதலாளி எண்ணை யாரிடமும் சொல்லாமல் காலமாகிவிட்டால் பத்திரமும் கைமாற்றுச் சீட்டும் உள்ளே கிடக்கும். துளையிட்டால் பெட்டகம் பழுதாகும். இம்முறையில் திறந்தால் ஒரு கீறலும் விழாது.

பூட்டு செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. கம்பியை ஏமாற்றும் பொய் வெட்டுகளைச் சக்கரங்களில் வைத்தார்கள். டயலின் நடுவிலுள்ள சிறு திருகைத் திருப்பும் வரை கம்பி சக்கரங்களைத் தொடாதபடியும் அமைத்தார்கள். அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லாபரட்டரீஸ் வகுத்த தரத்தில், '2எம்' வகைப் பூட்டு இத்தகைய முயற்சியை 2 மணி நேரம் தாங்க வேண்டும். முதல் வகை 20 மணி நேரம் தாங்க வேண்டும். சாதாரண இரண்டாம் வகைக்கு அந்த உறுதி கிடையாது. டயல் பெட்டகம் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. தகட்டின் கனத்தை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை.

ஆயினும் திருடன் கிராப் தாளோடு வருவான் என்று அஞ்ச வேண்டியதில்லை. அவன் வருவது கேஸ் கட்டரோடு. அல்லது பெட்டியையே தூக்கிப்போக ஆளோடும் வண்டியோடும். தரையில் போல்ட் போட்டுப் பிணைக்காத பெட்டிக்கு எந்தப் பூட்டும் காவலாகாது. எண் பூட்டுக்கு உண்மையான ஆபத்து உரிமையாளரின் பழக்கத்தில்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆய்வு நடந்த லாஸ் அலமாஸில் அவர் பணியாற்றினார். அணுகுண்டு இரகசியங்களே அங்கே எண் பூட்டுப் போட்ட அலமாரிகளில் இருந்தன. அந்தப் பூட்டுகளில் எண் இரண்டு கோடுகள் தள்ளிப் போனாலும் திறக்கும் என்று அவர் கண்டார். ஆக, நூறு எண்களுக்குப் பதில் இருபது பார்த்தால் போதும். 10 லட்சம் 8,000 ஆகச் சுருங்கிற்று. மேலும், அலமாரி திறந்திருக்கும்போது நண்பரோடு பேசியபடியே டயலைத் திருப்பிக் கடைசி இரண்டு எண்களையும் விரலாலேயே அறிந்து குறித்து வைத்தார். ஒரு விஞ்ஞானி கணிதத்தில் புகழ்பெற்ற 2.71828 என்ற மாறிலியை 27-18-28 என்று வைத்திருந்தார். அதை ஃபெய்ன்மன் ஊகித்தே திறந்துவிட்டார். அங்கே ஒரு பெரிய பெட்டகத்தைத் திறந்து பெயர் வாங்கிய பூட்டுத் தொழிலாளி, தொழிற்சாலையில் வைத்தனுப்பும் எண்ணைப் போட்டுப் பார்த்தேன் என்று பிறகு அவரிடம் சொன்னாராம். அதை ஃபெய்ன்மன் மற்றப் பெட்டகங்களில் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அந்த எண்ணிலேயே திறந்தது!

இன்று பொத்தான் வைத்த மின்னணுப் பெட்டிகள் பல கடைகளுக்கு வந்துவிட்டன. அவற்றிலும் தொழிற்சாலை எண்ணை மாற்றாமல் வைத்திருப்போர் உண்டு. கடைத் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கங்கள், மகன் பிறந்த தேதி, வண்டி எண் ஆகியவை கடைப் பையனுக்கும் தெரிந்தவை. டயல் பெட்டகத்தைப் பூட்டியதும் டயலை நன்றாகச் சுற்றிவிட வேண்டும். காலையில் சீக்கிரம் திறக்கலாம் என்று கடைசி எண்ணுக்கு அருகில் நிறுத்திப் போவது திறந்தே வைப்பதற்குச் சமம். எண்ணை மாற்றும்போது, சில பூட்டுகளில் கடைசி எண் 0 முதல் 20-க்குள் வரக்கூடாது என்பதைக் கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள். புதிய எண்ணை வைத்தபின், கதவு திறந்திருக்கும்போதே மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே கதவைச் சாத்துங்கள்.