உப்புக் காற்றும் கம்ப்யூட்டர் ரிப்பேரும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். பார்ப்பவர்க்கு அழகுதான். எடை மேடைக் கொட்டகையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் வியாபாரிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். இரும்புக் கதவையே அரித்துத் தின்னும் காற்றுக்கு, மயிரிழை போன்ற செம்புக் கோடுகள் எம்மாத்திரம்?

காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே நீர் விட்டுக்கொள்ளும். அளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு வெகு முன்பே கசியும். இந்தத் தூசி ஃபேன் வழியாக உள்ளே போய்ப் போர்டில் படிந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். கோளாறு விட்டுவிட்டு வரும்.

நமக்குத் தெரிந்த உப்பு மொத்த வியாபாரி ஒருவருக்கு நேர்ந்தது இது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. வந்தவர் "வைரஸ்" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் ஃபார்மட் செய்துவிட்டார். டாலி கணக்கு முழுவதும் சி டிரைவில் இருந்தது, போயிற்று. மறுநாளும் கம்ப்யூட்டர் அணைந்தது. கடைசியில் பார்த்தால் பவர் சப்ளை இணைப்பில் களிம்பு! ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, தொழில் தெரிந்தவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் "பேக்கப் இருக்கிறதா?" என்றுதான் கேட்பார். இல்லையென்றால் முதலில் அதை எடுத்து, நம் கண்ணெதிரே திறந்து காட்டுவார். பிறகுதான் மற்றவை. கேட்காதவரை நாமே நிறுத்திக் கேட்க வேண்டும். இதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். சுவரில் பிடுங்கினாலும் யூ.பி.எஸ். பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பவர் சப்ளை பெட்டிக்குள் உள்ள கண்டென்சரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கக்கூடும். அந்தப் பெட்டியைக் கடையில் திறக்காமல் மாற்றிவிடுவதே முறை. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்ய விடாதீர்கள். எர்த் குழாயும் உப்பு மண்ணில் சீக்கிரம் அரித்துப்போகும். வருடம் ஒரு முறை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பது அவசியம்.

பிளோயர் அடித்தால் தூசி போகும். ஒட்டிய உப்பு போகாது. அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் வேண்டும். பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டரை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதுதான் அதைத் தீர்த்துக்கட்டும். மின்சாரம் கொடுக்காமல் அப்படியே விவரம் தெரிந்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

இனி நம்பிக்கை விஷயம். வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல் விலை எல்லாம் அந்தப் பெட்டியில்தான். அனுமதியின்றி அதைப் பிரதி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாஸ்வேர்டை நாமே தட்டிக் கொடுத்து, வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம். போனில் பேசிக்கொண்டே தூரத்திலிருந்து சரி செய்பவரானால், முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்திருங்கள்.

பெட்டியை எடுத்துச் சென்றால் தேதி, கோளாறு, ஹார்ட் டிஸ்க் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வருடப் பராமரிப்புக்குப் பேசும்போது, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, தை கழிந்து அளத்தில் வேலை சூடு பிடிக்கும் முன் ஒரு முறை என்று இரண்டு சுத்தம் செய்தலைக் காகிதத்திலேயே எழுதி வாங்குங்கள். அன்று வரும்போதே மேஜையைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து நகர்த்திப் போடச் சொல்லுங்கள்.