ஊர்தியும் சிக்கனமும்

இற்றைநாளில் மோட்டார் சைக்கிள் ஓடாத தெருவைக் காண்டல் அரிது. உழவர், ஆசிரியர், பால் விற்போர், தபால் கொணர்வோர் ஆகிய பலர்க்கும் அஃது உற்ற துணையாக உள்ளது. 1885ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் டெய்ம்லர், மேபாக் என்னும் இருவர் மரச்சட்டத்தின்மேல் சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி ஓட்டிய வண்டியே இதற்கு முன்னோடி. சென்னையில் 1955ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது முதல், நம் மாநிலமும் இவ்வண்டிகளைச் செய்யும் தொழிலில் பெயர்பெற்று விளங்குகிறது.

வண்டி வாங்குதல் எளிது. அதனைச் செட்டாக நடத்துதல் அரிது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சிற்றூர்களில் பால் வாங்கி நகரத்தில் விற்று வாழ்பவர். நாள்தோறும் 60 கிலோமீட்டர் செல்வார். முன்னர் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 கிலோமீட்டர் ஓடிய அவருடைய பழைய வண்டி, பின்னர் 40 கிலோமீட்டரே ஓடலாயிற்று. நாளொன்றுக்கு 1.2 லிட்டர் செலவான இடத்தில் 1.5 லிட்டர் செலவாயிற்று. நாளுக்கு 0.3 லிட்டர்தானே என எண்ணலாம். 300 நாட்களில் அது 90 லிட்டராகும். சிறு வருவாயுடைய குடும்பத்திற்கு இது பேரிழப்பு அன்றோ?

அவர் செய்ததைக் கூறுமுன் எஞ்சினின் இயல்பை அறிவோம். பெட்ரோல் தனியே எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகிறது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பழைய வண்டிகளில் இக்கலவையை அமைப்பது கார்புரேட்டர். சிலிண்டரினுள் கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ள, சக்கரம் சுழல்கிறது. எனினும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே உழைப்பாக மாறும்; எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடும். இங்ஙனம் கிடைக்கும் சிறு பங்கையும் வீணாக்காமற் காப்பதே சிக்கனத்தின் சூழ்ச்சி.

நம் நண்பர்க்கு ஒருவர் வேறு வழி கூறினார். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையைச் சிறிதாக்கினால் செலவு குறையும் என்றார். அவ்வாறே செய்யப்பட்டது. சில வாரம் செலவு குறைந்தது போலவே தோன்றிற்று. ஆனால் பெட்ரோல் குறைந்த கலவை எஞ்சினை அளவிறந்து சூடாக்கும். கோடை நண்பகல் ஒன்றில், நிறைந்த பாற்குடங்களோடு செல்லுங்கால், பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டி நடுவழியில் நின்றது; பாலும் கெட்டது. மிச்சப்பட்ட பணத்தினும் பழுது பார்த்த பணம் பன்மடங்காயிற்று.

பழுது பார்த்த முதிய மெக்கானிக் உண்மைக் காரணங்களை எடுத்துக் காட்டினார். டயர்களில் காற்றுக் குறைந்திருந்தது. காற்றுக் குறைந்த டயர் தரையில் மிகுதியாக அமுங்கி, உருள்வதற்குத் தடை செய்யும். பின்சக்கரத்துப் பிரேக், மிதிக்காதபோதும் உரசிக்கொண்டே இருந்தது. காற்றைத் தூய்மை செய்யும் வடிகட்டியில் புழுதி அடைந்து, எஞ்சின் மூச்சுத் திணறியது. செயின் எண்ணெயின்றி வறண்டிருந்தது. இவற்றைச் சீர்செய்து, கார்புரேட்டரின் துளையையும் பழைய அளவிற்கே மாற்றிய பின் வண்டி மீண்டும் 50 கிலோமீட்டர் ஓடிற்று.

ஓட்டும் முறையிலும் சிக்கனம் உண்டு. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆதலின் மிதமான வேகத்தில் ஒரே சீராகச் செல்லுதல் நன்று. விரைந்து சென்று சட்டென நிறுத்துவோர், பெட்ரோலால் பெற்ற வேகத்தைப் பிரேக்கில் வெப்பமாக்கி இழக்கின்றனர். நெடுநேரம் நிற்க நேரின் எஞ்சினை அணைத்தல் வேண்டும்.

வண்டியை மாற்றியமைத்தல் பற்றியும் ஒரு சொல். பின்புறப் பற்சக்கரத்தைச் சிறிதாக்கினால், அதே வேகத்திற்கு எஞ்சின் குறைவாகச் சுழலும். சமதரையில் செலவு சிறிது குறையலாம். ஆனால் மேட்டில் ஏறும் வலிமையும் சுமை இழுக்கும் திறனும் குன்றும். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் செலவு குறையும் என்பர் சிலர். காந்தம் பெட்ரோலின் எரியும் தன்மையை மாற்றுவதில்லை. சைலன்சரின் உட்பகுதியை அகற்றுவோர் ஊரார் செவிக்குத் துன்பம் செய்வதன்றிக் கலவையின் அளவையும் கெடுக்கின்றனர். காற்றுத் தடையைக் குறைக்கக் கண்ணாடிகளைக் கழற்றுவோர் பின்வரும் லாரியைக் காணாது உயிரையே பணயம் வைக்கின்றனர்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கப்பெறும் புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில், சிறு கணினி ஒன்றே பெட்ரோலை அளந்து தூவுகிறது. அதனைத் தொட்டுக் கெடுத்தல் தகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் வண்டியின் மூல அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் ஒப்பாத மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம். சிறைத் தண்டனையும் உண்டு.

மாணவர்களே! நீங்கள் இன்னும் வண்டி ஓட்டும் அகவை அடையவில்லை. எனினும் உங்கள் வீட்டு வண்டியின் செலவை அளந்து அறியலாம். பெட்ரோல் தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்க. மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் கொண்டது எனக் கண்டு, இடையில் ஓடிய தூரத்தை அதனால் வகுக்க. ஒவ்வொரு மாதமும் இவ்வாறு எழுதி வந்தால், நோய் முற்றுமுன் நாடி பார்ப்பதுபோல் வண்டியின் குறையை முன்னரே உணரலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படும். எனவே வீட்டிற்கு மிச்சமாவது நாட்டின் காற்றுக்கும் நன்மையாகும்.

சிக்கனம் வேறு, இவறன்மை வேறு. வேண்டுவதைக் கொடுத்து வீணாவதைத் தடுப்பது சிக்கனம். வேண்டுவதையும் கொடாது மறுப்பது இவறன்மை. என் மாணவர் முதலில் செய்தது பின்னது. முதியவர் கற்பித்தது முன்னது. எருதுக்கு வைக்கோலைக் குறைத்து எவரும் நன்கு உழுததில்லை. எந்திரத்திற்கும் அம்முறையே பொருந்தும்.