வலியில்லாத மஞ்சள் காமாலை: பித்தக்குழாய்க்குள் வைக்கும் உலோக ஸ்டென்ட் என்ன செய்யும்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காபித் தோட்டங்களிலும் மலைக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் கீழே இறங்கியாக வேண்டும். அதனால் கண் மஞ்சளானால் பல வீடுகளில் முதலில் கீழாநெல்லிதான். அரைத்து மோரில் கலக்கிக் குடித்து, பத்தியம் இருப்பார்கள். ‘காமாலைதானே, இறங்கிடும்’ என்ற தைரியம்.

வைரஸால் வரும் ஹெபடைடிஸ்-ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால், அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு வலியே இல்லாமல் நாளுக்கு நாள் ஏறும் காமாலை வேறு கதை. அங்கே வீணாகும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்தான்.

அடைப்பு எங்கே?

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, கணையத்தின் தலைப்பகுதியைக் கடந்து சிறுகுடலில் சேர்கிறது. கணையத்திலோ, பித்தப்பையிலோ, குழாயிலேயோ புற்றுக்கட்டி வளர்ந்தால் இந்த வழி நசுங்கிவிடும். பித்தம் ரத்தத்தில் ஏறும். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். மலம் வெளுத்துக் களிமண் மாதிரி இருக்கும். ராத்திரி தூங்கவிடாத அரிப்பு, பசியின்மை, எடைக் குறைவு. ரத்தத்தில் 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டிய பிலிரூபின் 15, 20 என்று ஏறிவிடும். பித்தக்குழாய்க் கல்லும் இதே அடைப்பை உண்டாக்கும், அதில் பெரும்பாலும் வலி இருக்கும். வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்தாலே குழாய் வீங்கியிருப்பது தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக்கா, உலோகமா?

வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் சிறுகுடல்வரை இறக்கி, பித்தக்குழாயின் வாய்க்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஸ்டென்டை ஏற்றி அடைப்பைத் தாண்டி நிறுத்துகிறார்கள். இதற்குப் பெயர் இ.ஆர்.சி.பி. வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நிப் சோஹெண்ட்ரா 1979-ல் இந்த வழியை அறிவித்தபோது வைத்தது பிளாஸ்டிக் குழாய்தான். அதன் குறுக்களவு சுமார் 3 மில்லிமீட்டர். கிருமிப் படலமும் பித்தக் கசடும் சேர்ந்து ஏறக்குறைய 3 மாதத்தில் அடைத்துவிடும். திரும்ப வந்து மாற்ற வேண்டும்.

உலோக ஸ்டென்ட் வலைக்கம்பிக் குழாய். பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். சுருக்கி உள்ளே கொண்டுபோய் விட்டதும் தானே விரிந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் வழி விடும். பல மாதங்கள் தாங்கும். விலை அதிகம், ஆனால் மலையிலிருந்து மறுபடி மறுபடி இறங்கி வரும் செலவையும் உடம்புச் சிரமத்தையும் கணக்கில் சேர்த்தால், கூடுதல் விலை பெரிதாகத் தெரியாது.

உலோகத்திலும் இரண்டு வகை. உறையில்லாத வலைக்குள் கட்டி நுழைந்து வளரலாம். பிறகு அதை வெளியே எடுப்பதும் கடினம். உறையுள்ளது எடுக்கக்கூடியது, ஆனால் இடம் நகரலாம். அதனால்தான், புற்றுநோய் என்று உறுதியாவதற்கு முன் உறையில்லாததை வைக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

ஸ்டென்ட் புற்றுநோயைக் குணப்படுத்தாது. அரிப்பு அடங்கும், சாப்பாடு இறங்கும். பிலிரூபின் குறைந்த பிறகுதான் பல கீமோதெரபி மருந்துகளைத் தொடங்க முடியும். ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் கட்டி இருந்தால் எல்லாருக்கும் ஸ்டென்ட் தேவையில்லை. சிலருக்கு நேரடி அறுவைச் சிகிச்சையே நல்லது. ‘ஆபரேஷன் பண்ண முடியுமா டாக்டர்?’ என்பதுதான் குடும்பத்தார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இ.ஆர்.சி.பி.க்குப் பிறகு சிலருக்குக் கணைய அழற்சி வரும். கடும் வயிற்றுவலி அதன் அடையாளம். மாதங்கள் கழித்துக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலோ மறுபடி மஞ்சளோ வந்தால், ஸ்டென்ட் அடைத்துக் கிருமி ஏறியிருக்கலாம். அது விடியும்வரை காத்திருக்கும் காய்ச்சல் அல்ல. ராத்திரியானாலும் 108-ஐ அழைத்துக் கீழே இறங்கிவிட வேண்டும். எந்த வகை ஸ்டென்ட், என்றைக்கு வைத்தது என்ற டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டுபோனால், அங்கிருக்கும் டாக்டருக்கு நேரம் மிச்சம்.