கண்டல் வளர்ப்பும் தொண்டர் பயிற்சியும்

இயற்கைச் சூழலைப் பேணுதல் அரசினர்க்கு மாத்திரம் உரிய கடமையன்று, ஊரவரும் மாணவரும் தொண்டராய் முன்வந்து ஆற்றவேண்டிய பணியுமாகும் என்பதை இன்று யாவரும் ஒப்புவர். ஆயினும், அத்தொண்டர்க்குப் பயிற்சி வேண்டுமோ என வினவின், மரம் நடுவதற்குப் பயிற்சி எதற்கு என்று கேட்போரே பலர். நோயாளிக்கு முதலுதவி செய்யப் புகுவோன் பயின்றிருத்தல் வேண்டும் என்று கருதும் நாம், கேடுற்ற நிலத்துக்கு உதவப் புகுவோனிடத்து மண்வெட்டி ஒன்றையே எதிர்பார்க்கின்றோம். இஃது எத்துணைப் பிழையான எண்ணம் என்பதை நமது கரையோரக் கண்டற்காடுகளைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டற்காடு என்பது வற்றும் பெருக்கும் மாறிமாறி நிகழும் கரையிலே, உவர்நீர் தோயும் சேற்றில் வளரும் பலவகை மரங்களின் தொகுதியாகும். நீர் நிறைந்த சேற்றினுள்ளே காற்று மிக அரிது. ஆதலின், கண்ணா என்னும் மரம் ஈட்டிமுனை போன்ற மூச்சுவேர்களைச் சேற்றின் மேலே நீட்டுகின்றது. கண்டல் மரமோ தண்டிலிருந்து வளைந்திறங்கும் தாங்குவேர்களின் வழியே காற்றைப் பெறுகின்றது. கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகித் தொங்கிப் பின்னரே நீரில் வீழும். இறால், நண்டு, மீன்குஞ்சு முதலியன இம்மரங்களின் வேரிடுக்குகளிற் புகலடைந்து வளர்கின்றன. அலைகளின் வேகமும் இவற்றாற் பெரிதும் தணிகின்றது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நமது கரைகளைத் தாக்கியபின், கண்டலின் அருமையை உணர்ந்த பல நிறுவனங்கள் இலங்கையெங்கும் கண்டல் நடத் தொடங்கின. அம்முயற்சிகள் பயனளித்தனவா என்பதை ஆராய்ந்து, உறுகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் 2017இல் வெளியிட்ட முடிவுகள் நம்மைச் சிந்திக்க வைப்பன. 23 இடங்களிலே 67 நடுகை முயற்சிகள் நிகழ்ந்திருந்தன. அவற்றுள் 36 முயற்சிகளில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 கெக்டேயர் வரையான பரப்பிலே 200 முதல் 220 கெக்டேயரே கண்டல் நிலைபெற்ற பரப்பாகக் காணப்பட்டது. கற்பிட்டி, பாம்பலை, நீர்கொழும்பு ஆகிய மூன்றிடங்களில் மாத்திரமே கன்றுகளுட் பாதிக்கு மேற்பட்டவை பிழைத்திருந்தன.

இத்தோல்விக்குக் காரணம் யாது? தகாத இடத்தில் நட்டமையும், நட்டபின் பராமரியாமையுமே தலையாய காரணங்கள். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானது. எனவே, நிலம் ஒரு சாண் தாழ்ந்திருப்பினும் கன்றுகள் நெடுநேரம் நீரில் மூழ்கி மூச்சின்றி மடியும். ஒரு சாண் உயர்ந்திருப்பின் நீர் எட்டாது வாடும். இதனை அறியாதார், வற்றுக்காலத்திலே வெறுமையாய்க் கிடக்கும் சேற்றுவெளியைக் கண்டு, நடுவதற்கு ஏற்ற இடம் இதுவே என மயங்குவர்.

இவ்வாறு மயங்கியோருள் யானும் ஒருவன். பல ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலரைக் கடனீரேரிக் கரையொன்றுக்கு அழைத்துச் சென்று நேர்வரிசையிற் கண்டல் நாற்றுகளை நடுவித்தேன். அனைவரும் மகிழ்ச்சியோடு நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். மறு ஆண்டு சென்று பார்த்தபோது, பாசி படர்ந்த குச்சிகள் சிலவே எஞ்சியிருந்தன. அயலிலே வலை காயவிட்டுக்கொண்டிருந்த முதியவரிடம் காரணம் வினவினேன். “அது மீன் மேயிற வெளி, வாத்தியார், அங்கை ஒருகாலமும் கண்டல் நிண்டதில்லை” என்றார். நடுவதற்கு முன்னர் அவரை வினவாமற்போனதே எனது பிழை. மாணவருள் ஒருவன், “நாங்கள் மரங்களைக் கொன்றுவிட்டோமா, ஐயா?” என்று கேட்டது இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

இனி, காரணத்தை முதலில் ஆராய்ந்து பணியாற்றி வெற்றி கண்ட இடமொன்றை நோக்குவோம். தமிழ்நாட்டிலே சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் முற்காலத்திற் கண்டற்காடு பகுதி பகுதியாக முற்றாய் வெட்டப்பட்டது. வெட்டவெளியான நிலம் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. அதனுட் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு மிகுந்தது. மரங்கள் மீளத் தலையெடுக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் வனத்துறையினரோடும் ஊரவரோடும் கூடி, மீன்முள் போலக் கிளைத்த கால்வாய்களை முதலில் வெட்டுவித்தனர். நீர் வந்துபோக வழி பிறந்தபின் நடப்பட்ட கன்றுகள் தழைத்தன. அமெரிக்க அறிஞர் றொபின் லூயிஸ் வகுத்த முறையும் இதனோடு ஒத்ததே. நீரோட்டத்தைச் சீர்செய்தால், அயலிலுள்ள தாய்மரங்களின் நாற்றுகள் தாமே வந்து வேரூன்றும். அவ்வாறு வாராதவிடத்தே நடுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மாங்குரோவ் அக்சன் புறொஜெக்ட் என்னும் அமைப்பு இம்முறையைப் பல நாட்டுக் கரையோர மக்களுக்கும் பயிற்சி வகுப்புகள் வாயிலாகக் கற்பித்து வந்துள்ளது.

இவற்றைக்கொண்டு, தொண்டர்க்கு அளிக்கவேண்டிய பயிற்சி இத்தகையது என ஒருவாறு வரையறுக்கலாம். முதலாவது, மரவினங்களையும் அவை வளரும் நிலமட்டங்களையும் இனங்காணல். இரண்டாவது, அளவு குறித்த கம்பை நாட்டி, நீரின் ஏற்றவிறக்கத்தைப் பல நாள் தொடர்ந்து பதிதல். மூன்றாவது, இங்கே முன்னர் கண்டல் இருந்ததா, இருந்ததாயின் ஏன் அழிந்தது என ஊர் முதியோரையும் மீனவரையும் உசாவுதல். நான்காவது, உரிய திணைக்களத்தாரின் அனுமதி பெறும் முறையை அறிதல். ஐந்தாவது, நட்டபின் மாடு புகாது வேலியிடல், பாசி நீக்கல், பிழைத்த கன்றுகளைக் காலந்தோறும் எண்ணிக் குறித்தல். இவ்வைந்தனுள் நடுகையென்னும் செயலுக்கு ஒரு முற்பகல் போதும். ஏனையவற்றுக்கோ மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும்.

முற்கூறிய ஆய்விலும் கன்றுகளின் பிழைப்பு பிற்பராமரிப்போடு நெருங்கிய தொடர்புடையதாகவே காணப்பட்டது. நீண்டகாலம் பராமரிக்கவல்லார் அக்கரையிலே வாழும் மக்களேயாவர். ஆதலாலே, ஊர்ச்சங்கங்களுக்கும் இப்பயிற்சி அளித்தல் இன்றியமையாதது. 2015இல் சீக்கொலொஜி, சுதீச என்னும் நிறுவனங்கள் இணைந்து இலங்கையிலே தொடங்கிய திட்டத்தில், கண்டலைக் காக்க முன்வந்த கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்க ஏற்பாடாயிற்று. வயிற்றுப்பாட்டுக்கு வழிகாட்டாது காட்டைக் காக்கும்படி கேட்டல் பொருந்தாதென்பதை அத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

நமது கல்லூரி மாணவர் இதிற் செய்யக்கூடியது யாது? நாற்றோடு கரைக்குச் செல்லுமுன், ஓராண்டு குறிப்பேட்டோடு செல்லலாம். நீர்மட்டம் அளத்தல் பௌதிகவியல் மாணவர்க்கும், இனங்காணல் உயிரியல் மாணவர்க்கும், முதியோரை உசாவி எழுதுதல் வரலாற்று மாணவர்க்கும் உகந்த பணிகள். ஒரு வகுப்பார் தொடங்கிய குறிப்பேட்டை அடுத்த வகுப்பார் ஏற்றுத் தொடர்வாராயின், மாணவர் மாறினும் பராமரிப்பு இடையறாது. அன்று என்னிடம் வினவிய மாணவனுக்கு யான் விடை கூறவில்லை. எனது அறியாமையே அக்கன்றுகளைக் கொன்றது என்பதே அவனுக்குரிய விடையாகும். இனிவரும் மாணவர் எவரும் அவ்வினாவைக் கேட்க நேராதிருத்தல் வேண்டும்.