சவுனா: பின்லாந்து மக்களின் வெப்பக் குளியல்



பல வருடங்களுக்கு முன் என்னிடம் வரிக்கணக்குப் பார்க்க வந்த பின்லாந்துக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சவுனாவுக்கு அழைத்தார். உடுப்பில்லாமல் இருக்கவேண்டுமே என்ற கூச்சத்தில் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். அவர்கள் சவுனாவுக்கு அழைப்பது, நாங்கள் சாப்பிடக் கூப்பிடுவதைப் போன்றது என்று பிறகுதான் விளங்கியது.

கணக்காளன் அல்லவா, எண்ணிலிருந்து தொடங்குகிறேன். அந்நாட்டு மக்கள் தொகை சுமார் 55 இலட்சம். சவுனாக்களோ 30 இலட்சத்துக்கு மேல். பாராளுமன்றக் கட்டடத்திலும் ஒன்று உண்டு. மரத்தாலான சிறிய அறை, அடுப்பின் மேல் சுடுகற்கள், 80 முதல் 100 பாகை வெப்பம். கல்லில் தண்ணீர் ஊற்ற எழும் ஆவியை 'லொய்லு' என்பார்கள். பேர்ச் மர இலைக்கொத்தால் உடம்பில் தட்டிக்கொள்வதும் வழக்கம். நொச்சி இலை போட்டு வேது பிடித்த எங்களுக்கு இது பெரிய புதினமல்ல. சவுனாவுக்கு உரிய நாளும் சனிக்கிழமைதான், எங்கள் எண்ணெய் முழுக்கைப் போல!

வெந்நீரும் சுத்தமும் உள்ள இடம் என்பதால் அந்தக் காலத்தில் பிள்ளைப்பேறு அங்கே நடந்தது. இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். 2020இல் யுனெஸ்கோ இதனைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

என் மனதைத் தொட்டது வேறொன்று. இரண்டாம் உலகப் போரில் கரேலியாப் பகுதி சோவியத் வசமானபோது நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். புதிய காணி கிடைத்ததும் பலர் முதலில் கட்டியது வீட்டை அல்ல, சவுனாவை. வீடு எழும்பும்வரை அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். ஊரிழந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உடல்நலத்துக்கு வருவோம். கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களை ஏறத்தாழ 20 வருடங்கள் அவதானித்த ஆய்வு 2015இல் வெளியானது. வாரத்தில் 4 முதல் 7 தடவை சவுனா எடுத்தவர்களிடையே, ஒரு தடவை மட்டும் எடுத்தவர்களைவிடத் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் காரணம் சவுனாதான் என்று அது நிரூபிக்கவில்லை; உடல்நலம் உள்ளவர்கள்தான் அடிக்கடி போனார்களோ என்னவோ. ஆகவே பிறஷர் குளிசையை நிறுத்திவிட்டு யாரும் சவுனாவுக்கு ஓடவேண்டாம்! நெஞ்சுநோ உள்ளவர்கள், பிறஷர் குளிசை எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். மது அருந்திவிட்டு உள்ளே போவது ஆபத்து. முதல் தடவை பத்து நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

கூச்சத்துக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தார் அல்லாதபோது ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே போவார்கள். விருந்தாளி துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தால் வீட்டுக்காரர் குறை நினைப்பதில்லை. இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் போயிருப்பேன்.