வலிக்கும்வரை காத்திருக்கலாமா?

தாய்மார்களே, மார்பில் தோன்றும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லையே என்று நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியைக்கூட எக்ஸ்ரே படம் காட்டக்கூடும். அப்படி முன்னதாகக் கண்டுபிடித்தால் உயிரைக் காக்க முடியுமா?

இதை அறிய 1963-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. 40 முதல் 64 வயதுவரையுள்ள ஏறத்தாழ 62,000 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை மட்டும் ஆண்டுக்கொரு முறை அழைத்து, படம் எடுத்து, மருத்துவர் கையாலும் சோதித்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பின், அந்தப் பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு.

படமும் சில சமயம் தவறவிடும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆகவே கட்டி தட்டுப்பட்டால் வெட்கத்தை விட்டு, உடனே மருத்துவரிடம் காட்டுவோம்.