நிரந்தரவாசி குடிமகனாக எத்தனை ஆண்டுகள்? மலையகத் தமிழரின் 55 ஆண்டுகளும் முகாம்களில் தொடங்காத கணக்கும்

ஒரு நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் ஒருவர் அந்நாட்டின் குடிமகனாவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்? சட்டநூல்கள் இக்கேள்விக்கு எண்களில் விடை சொல்கின்றன. அமெரிக்காவில் நிரந்தரவாச உரிமை பெற்றவர் பொதுவாக 5 ஆண்டுகளுக்குப் பின் விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடிமகனை மணந்து அவருடன் வாழ்பவராயின் 3 ஆண்டுகள் போதும். கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் இயல்புரிமை மூலம் குடியுரிமை பெற மொத்தம் 12 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த மலையகத் தமிழருக்கோ அது 55 ஆண்டுகள் ஆயிற்று. 1948 இல் பறிபோன குடியுரிமை 2003 இல்தான் எஞ்சியோர் அனைவருக்கும் சட்டப்படி திரும்பியது. அவர்களில் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தோருக்கும் இங்கே பிறந்த அவர்தம் பிள்ளைகளுக்கும் அந்தக் காத்திருப்பு இன்னும் முடியவில்லை. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து வாசித்தால் ஓர் உண்மை விளங்கும். குடியுரிமைக்கான காலத்தைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள்: எந்த நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணுவது? வசித்ததை மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில்?

வாக்களித்தவர்கள் நாடற்றவர்களான கதை

காப்பித் தோட்டங்களுக்காகவும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களே மலையகத் தமிழர். அவர்களில் பெரும் பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகிய ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். ஊரிலே பட்டா இல்லாதவர்கள், தோட்டத்திலே லயன் அறைக்கும் உரிமை இல்லாதவர்களாயினர். அவர்களது பெயர், வயது, கடன் ஆகிய அனைத்தும் கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துப் பதிவேட்டிலுமே இருந்தன.

1947 பொதுத் தேர்தலில் இம்மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த 7 பேர் நாடாளுமன்றம் சென்றனர். விடுதலை பெற்ற அதே ஆண்டில், 1948 இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, இலங்கையில் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத ஒரு தலைமுறையின் பிறப்புக்கு லயத்துத் தொழிலாளி எங்கே சென்று சான்று தேடுவார்? சட்டத்தின் சொற்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தன. அதன் சுமை மட்டும் ஒரு மக்கள்கூட்டத்தின்மீது விழுந்தது.

அடுத்து 1949 இன் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய, பாகிஸ்தானிய வசிப்போருக்குப் பதிவு மூலம் குடியுரிமை தருவதாகக் கூறியது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவராயின் 7 ஆண்டுகள், மணமாகாதவராயின் 10 ஆண்டுகள் இடைவிடாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இடையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். போதிய வருமானத்துக்கும் சான்று வேண்டும். விண்ணப்பிக்கத் தரப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகள். ஏறத்தாழ 8 லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. அதே 1949 இல் தேர்தல் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் குடிமக்கள் அல்லாதோரின் வாக்குரிமையையும் நீக்கியது.

7 ஆண்டுகள், 10 ஆண்டுகள் என்ற அளவு கொடியதன்று. அத்தொழிலாளரில் பெரும்பாலோர் அதைவிட நெடுங்காலம் அங்கே வாழ்ந்தவர்களே. வாழ்ந்ததைக் காட்டும் தாள் அவர்கள் கையில் இல்லை என்பதுதான் சிக்கல்.

இரு அரசுகள் பங்கிட்ட மக்கள்

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு. 1974 இல் இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க ஆகியோர் அந்த 1,50,000 பேரையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எந்த நாட்டில் வாழ விரும்புகிறீர்கள் என்று அத்தொழிலாளர்களைக் கேட்டு இந்த எண்கள் எழுதப்படவில்லை. 7 பேர் இந்தியாவுக்குச் சென்றால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்ற விகிதம் சட்டமாகவே ஆக்கப்பட்டது. ஒருவரின் குடியுரிமை இன்னொருவர் கப்பலேறுவதைப் பொறுத்ததாயிற்று.

1980களில் போர் மூண்டதும் தலைமன்னார்-இராமேசுவரம் கப்பல் நின்றது. ஒப்பந்தமும் பாதியில் நின்றது. 1986 இலும் 1988 இலும் வந்த சட்டங்கள் ஒரு பகுதியினருக்கு இலங்கைக் குடியுரிமை தந்தன. இறுதியாக 2003 இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைக் குடிமக்களே என்று அறிவித்தது.

அதன்பின் நடந்ததே இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் துணையோடு தோட்டங்களிலேயே நடந்த முகாம்களில், எளிய உறுதிமொழிப் படிவத்தை ஏற்று, ஏறத்தாழ 1,90,000 பேருக்கு 10 நாட்களில் குடியுரிமை வழங்கப்பட்டது. 55 ஆண்டுகளாக முடியாதது 10 நாட்களில் முடிந்தது. அம்மக்களிடம் புதிய சான்று எதுவும் முளைத்துவிடவில்லை. அவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள்தாம் என்று அரசே ஏற்றுக்கொண்டது. மெய்ப்பிக்கும் சுமை இறங்கியது.

கடலின் இக்கரையில்

1977 இலும் 1983 இலும் நடந்த வன்முறைகளில் தோட்டங்களை விட்டு ஓடிய மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறின. போர் அங்கும் துரத்தியபோது அவர்கள் ஈழத்தமிழரோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்தனர். 1983 முதல் வந்தோர் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். திரும்பிச் சென்றோர் போக, அண்மைய ஆண்டுகளின் அரசுக் கணக்குப்படி ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களில் வாழ்கின்றனர். 2021 இல் தமிழ்நாடு அரசு இவற்றை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. சட்டநிலை மாறவில்லை.

இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955 இரண்டு வழிகளைக் காட்டுகிறது. பிரிவு 5இன்படி, இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கோரலாம். பிரிவு 6இன்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் வசித்தவர் இயல்புரிமை கோரலாம். 1990 இல் வந்த ஒருவர் 35 ஆண்டுகளாக இங்கிருக்கிறார். இரண்டு அளவையும் அவர் எப்போதோ தாண்டிவிட்டார். ஆயினும் அவர் குடிமகனாக முடியவில்லை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, பிரிவு 2(1)(ஆ) கூறும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறை. உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்த அயலார் எவரும் அதற்குள் அடங்குவர். 2003 ஆம் ஆண்டுத் திருத்தம், அத்தகையோருக்குப் பிரிவு 5, பிரிவு 6 ஆகிய இரண்டு வாயில்களையும் அடைத்துவிட்டது. குண்டுவீச்சுக்குத் தப்பிப் படகேறியவரிடம் கடவுச்சீட்டு இல்லை என்பதால், அவர் இங்கே வாழ்ந்த 35 ஆண்டுகளும் சட்டத்தின் கண்ணில் சுழியம். அரசே அவருக்கு முகாம் அட்டை கொடுத்தது. அரசே மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தது. காவல்துறையின் கியூ பிரிவு அவரது இருப்பைப் பதிவேட்டில் சரிபார்த்தது. ஆயினும் அவர் 'வசித்தவர்' அல்லர்.

இரண்டாவது, 'இந்திய வம்சாவளியினர்' என்ற சொல்லின் பொருள். பிரிவு 5இன் விளக்கப்படி, விண்ணப்பிப்பவரோ அவரது பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். பாட்டன் திருச்சியில் பிறந்து தோட்டத்துக்குச் சென்றவர் என்பது போதாது. இலங்கைச் சட்டம் முன்னோர் இங்கே பிறந்ததற்குச் சான்று கொடு என்றது. இந்தியச் சட்டம் உன் முன்னோர் பிறந்தது மிகப் பழைய காலம் என்கிறது. ஒரே குடும்பம் இரண்டு கரைகளிலும் தோற்கிறது.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும் பிறந்த நாளே விதியாகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிரிவு 3இன்படி பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, மற்ற பெற்றோர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது. அந்த 1987ஆம் ஆண்டு எல்லைக்கு முன் முகாமில் பிறந்த ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

விலக்கு யாருக்கு?

சட்டவிரோதக் குடியேறி என்ற பூட்டைத் திறக்க நாடாளுமன்றத்தால் முடியும் என்பதற்கு 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமே சான்று. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களை அது அவ்வரையறையிலிருந்து நீக்கியது. இயல்புரிமைக்கான காலத்தையும் 11 ஆண்டுகளிலிருந்து 5 ஆகக் குறைத்தது. முஸ்லிம்கள் விலக்கப்பட்டனர், இலங்கை பட்டியலிலேயே இல்லை.

அந்தச் சலுகை வந்த படிநிலையை நினைவில் கொள்வோம். முதலில் 2015 இல் பாகிஸ்தான், வங்கதேச நாட்டினருக்கும், 2016 இல் ஆப்கானிஸ்தான் நாட்டினருக்கும் கடவுச்சீட்டுச் சட்டத்திலிருந்தும் அயலார் சட்டத்திலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கையே அடிப்படையாகக் கொண்டு 2019 இல் குடியுரிமைக்கான வழி திறந்தது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கும் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனை விதிகளிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. முதல் படி ஏறியாயிற்று. இரண்டாம் படியான சட்டத்திருத்தம் வரவில்லை. சிறையில் அடைக்கமாட்டோம் என்பதும் குடிமகனாக ஏற்கிறோம் என்பதும் ஒன்றல்ல.

2019 ஜூனில் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பும் இங்கே முக்கியமானது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழ்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் இந்திய வம்சாவளித் தமிழர் என்பதைக் கருத்தில் கொண்டு, சட்டவிரோதக் குடியேறி என்ற தடையைத் தளர்த்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கவும் பணித்தது.

இது ஏன் தலித் உரிமைக் கேள்வி?

நமது அரசமைப்புச் சட்டத்தில் சில உரிமைகள் 'எந்தவொரு நபருக்கும்' உரியவை; சில 'குடிமக்களுக்கு' மட்டும். சமத்துவம் கூறும் பிரிவு 14, உயிர்வாழும் உரிமை கூறும் பிரிவு 21 ஆகியன முகாம் மக்களுக்கும் உண்டு. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17இலும் குடிமகன் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 15, அரசு வேலையில் சமவாய்ப்பு கூறும் பிரிவு 16, பேச்சுரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் தரும் பிரிவு 19, வாக்குரிமை தரும் பிரிவு 326 ஆகியவை குடிமக்களுக்கே.

எனவே முகாமில் வாழும் தலித் மாணவர் சாதியின் இழிவை முழுதாகச் சுமக்கிறார். அதற்கு ஈடாக இந்தியக் குடியரசு வைத்திருக்கும் இடஒதுக்கீட்டின் பயன் அவருக்கு எட்டுவதில்லை. அவரது பூட்டன் சேரியிலிருந்து புறப்பட்டபோது சாதி கூடவே கப்பலேறியது. அவர் திரும்பியபோது சாதி கூடவே இறங்கியது. உரிமை மட்டும் கரையில் நிறுத்தப்பட்டது.

அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு எழுதிய பிரிவு 5, அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய 5 ஆண்டுகள் இந்தியாவில் வழக்கமாக வசித்து, இங்கேயே நிலைகொண்டவரைக் குடிமகனாக ஏற்றது. கடவுச்சீட்டை அது கேட்கவில்லை. பிரிவினையின் பேரவலத்துக்கு நடுவே எழுதப்பட்ட விதி அது.

செய்ய வேண்டியவை

சட்ட உதவி முகாம்களில் எங்களிடம் வருவோர் பலர், தம் கையிலிருக்கும் தாளின் மதிப்பை அறியாதவர்கள். 1987 ஜூலை 1க்கு முன் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்தம் பிள்ளைகளின் உரிமையும் அதிலிருந்து கிளைக்கும். 1964 ஒப்பந்தத்தின்கீழ் பெற்ற இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துச் செக்ரோல் நகல், பாட்டனின் ஊரைக் குறிக்கும் எந்தத் தாளையும் எறிந்துவிடக் கூடாது. முகாம்களுக்குச் செல்லும் மாணவர்கள் இவற்றை நகலெடுத்துக் குடும்பவாரியாகத் தொகுத்துக் கொடுப்பதே பேருதவி.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைச் 'சட்டவிரோதக் குடியேறி' வரையறையிலிருந்து நீக்க வேண்டும். வம்சாவளி என்பதற்குப் பாட்டன், பாட்டி பிறந்த இடத்தையும் ஏற்க வேண்டும். முகாம் பதிவேட்டையே வசித்ததற்கான சான்றாகக் கொள்ள வேண்டும். திரும்பிச் செல்ல விரும்புவோரின் விருப்பமும் அதே மதிப்போடு கேட்கப்பட வேண்டும். 1964 இல் கேளாமல் பங்கிட்ட பிழை மீண்டும் நிகழக் கூடாது.

நிரந்தரவாசி குடிமகனாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று வகுப்பறையில் கேட்டால் 12 என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். அதன்பின், 35 ஆண்டுகள் வாழ்ந்தும் முதல் ஆண்டே எண்ணப்படாத ஒருவர் உங்கள் மாவட்டத்து முகாமில் இருக்கிறாரா என்று சென்று பாருங்கள். 2003 இல் இலங்கைக்கு 10 நாட்கள் போதுமானதாயிருந்தன. பதிவேடுகள் அனைத்தும் ஏற்கெனவே தன் கையிலிருக்கும் இந்திய அரசுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.